ஜேசியா, பாலிடெக்னிக்கா? சிங்கப்பூரில் பதினாறு வயதுக்காரர்களின் கேள்வி

"என் முன்மாதிரி" என்ற தலைப்பு கொடுத்தால் நம் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் யாரை எழுதுவார்கள்? வார இறுதித் துணைப்பாட வகுப்பில் நான் திருத்தும் கட்டுரைகளில் முக்கால்வாசி அம்மா, அப்பா. மற்றவற்றில் அதிபர் தர்மன் சண்முகரத்னம், மறைந்த முன்னாள் அதிபர் எஸ் ஆர் நாதன், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற சாந்தி பெரேரா. ஆள் யாராக இருந்தாலும் கடைசிப் பத்தி மட்டும் மாறாது: "ஆகவே நானும் நன்றாகப் படித்து, ஜேசிக்குப் போய், பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பெற்றோருக்குப் பெருமை சேர்ப்பேன்."

அந்தக் கடைசிப் பத்தியைத்தான் இங்கே அலசப் போகிறேன். ஜேசி என்னும் தொடக்கக் கல்லூரியும் பாலிடெக்னிக் என்னும் பலதுறைத் தொழிற்கல்லூரியும் நம் வீடுகளில் 'கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒன்று, மற்ற பிள்ளைக்கு ஒன்று' என்றே பேசப்படுகின்றன. இரண்டையும் அப்படி மேல்கீழாக அடுக்குவது தப்புக் கணக்கு என்பது என் கட்சி. இரண்டுக்கும் பிள்ளையிடம் வேண்டியது இரண்டு வேறு சுபாவங்கள்.

முதலில் நுழைவாயில். சாதாரண நிலைத் தேர்வில் புள்ளி குறையக் குறைய நல்லது. ஜேசிக்கு ஆங்கிலமும் (அல்லது உயர்தாய்மொழியும்) ஐந்து பாடங்களும் சேர்த்து 20 புள்ளிக்குள் வர வேண்டும். பாலிடெக்னிக்குக்கு ஆங்கிலமும், படிப்போடு தொடர்புடைய இரண்டு பாடங்களும், நன்றாகச் செய்த வேறு இரண்டு பாடங்களும் சேர்த்து 26க்குள். இவை குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. பேர்போன ஜேசிகளும், பாலிடெக்னிக்கில் போட்டி மிகுந்த சில படிப்புகளும் இதைவிட எவ்வளவோ குறைந்த புள்ளி கேட்கும். ஆறு, ஏழு புள்ளி எடுத்தவர்கள் விரும்பிப் பாலிடெக்னிக் போவதும் உண்டு. அதைக் கேட்டுப் பதறும் பாட்டிமார்களும் உண்டு.

இந்தக் கணக்கு விரைவில் மாறுகிறது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகள் போய், எல்லாருக்கும் ஒரே சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. 2028 சேர்க்கையிலிருந்து ஜேசிக்கு ஒரு பாடம் குறைத்தே எண்ணுவார்கள். வரம்பு 16 புள்ளி. அண்ணன் காலத்துப் புள்ளியை வைத்துத் தம்பியை எடை போடாதீர்கள்.

உள்ளே போனால் வாழ்க்கை எப்படி? ஜேசி என்பது பள்ளியின் தொடர்ச்சி. சீருடை, காலையில் கொடியேற்றம், தேசியப் பற்றுறுதி, பிறகு பெரிய அரங்கில் விரிவுரை, சின்ன வகுப்பில் கலந்துரையாடல், மாலையில் இணைப்பாட நடவடிக்கை. வீடு திரும்ப இருட்டிவிடும். இரண்டு ஆண்டு என்று பெயர். பிப்ரவரியில் சேர்ந்து அடுத்த ஆண்டு நவம்பரில் தேர்வு முடிந்துவிடுவதால் கையில் இருப்பது ஏறத்தாழ இருபத்தொரு மாதம்தான். அத்தனை மாதத்துக்கும் ஒரே தீர்ப்பு, கடைசியில் எழுதும் 'ஏ' நிலைத் தேர்வு.

பாலிடெக்னிக்கில் சீருடை இல்லை, கால அட்டவணை ஆளுக்கு ஆள் வேறு. பதினாறு வயதுக்கு இது சொர்க்கம்போல் தெரியும். ஆனால் அங்கே தீர்ப்பு தினமும் நடக்கிறது. சிறு தேர்வு, குழுத் திட்டம், படைப்பு, ஆய்வுக்கூட அறிக்கை எல்லாம் மதிப்பெண்ணில் சேரும். பருவத்துக்குப் பருவம் கணக்கு ஓடி, எல்லாம் சேர்ந்த சராசரி 4க்கு எத்தனை என்று சான்றிதழில் வந்து நிற்கும். இடையில் ஒரு பருவம் ஆட்டம் போட்டவர் அதை இழுத்துத் தூக்க மீதிக் காலமெல்லாம் பாடுபடுவார். ஜேசியில் முதலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டுவிட்டு 'ஏ' நிலையில் எழுந்து நின்றவர்கள் ஏராளம். அங்கே மறதிக்கு இடம் உண்டு, இங்கே கிடையாது.

குழுத் திட்டம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலிடெக்னிக் மாணவர்கள் என்னிடம் புலம்புவதில் பெரும்பகுதி அதுதான். ஐந்து பேர் சேர்ந்து செய்யும் வேலையில் இரண்டு பேர் கடைசி நாள் வரை தலைகாட்ட மாட்டார்கள். மதிப்பெண்ணில் மட்டும் பங்கு கேட்பார்கள். அதைச் சமாளிக்கக் கற்றவர், பிறகு வேலைப் பயிற்சிக்குப் போகும்போது அலுவலகத்தைப் பார்த்து மிரளுவதில்லை. பெரும்பாலான பட்டயப்படிப்புகளில் சில மாதம் உண்மையான வேலையிடத்தில் இருந்தாக வேண்டும். 'இந்தத் துறை எனக்கு ஒத்துவராது' என்பதைப் பதினெட்டு வயதிலேயே கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஜேசி மாணவருக்கு அநேகமாகக் கிடையாது. அவர் அதைப் பல்கலைக்கழக இரண்டாமாண்டில்தான் கண்டுபிடிப்பார்.

பணக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரசாங்க ஜேசியில் குடிமக்களுக்கு மாதப் பள்ளிக் கட்டணம் 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இதரக் கட்டணங்கள் சேர்ந்தாலும் ஏறத்தாழ 33 வெள்ளிதான். பாலிடெக்னிக்கிலோ ஆண்டுக்குச் சுமார் 3,000 வெள்ளி. பார்த்தவுடன் ஜேசி மலிவு. ஆனால் ஜேசி மாணவர்களில் எத்தனை பேர் துணைப்பாட வகுப்பு இல்லாமல் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வேதியியலுக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று, பொதுத்தாள் என்னும் ஆங்கிலக் கட்டுரைத் தாளுக்கு ஒன்று என்று மாதாமாதம் எடுத்து வைக்கும் தொகை பாலிடெக்னிக் கட்டணத்தைத் தாண்டிவிடும் வீடுகள் எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் கட்டணத்தை, பிள்ளை பெயரில் அரசாங்கம் வைத்திருக்கும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கிலிருந்து கட்டலாம். பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்தும் கடனாக எடுக்கலாம். படித்து முடித்தபின் பிள்ளைதான் வட்டியோடு அந்தக் கணக்கில் திருப்பிப் போட வேண்டும். 'அப்பா காசுதானே' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இனி, நான் அதிகம் கேட்கும் வாக்கியம்.

"அக்கா, எனக்கு என்ன ஆகணும்னே தெரியல. அதனால ஜேசி போறேன். எல்லாக் கதவும் திறந்திருக்கும்ல?"

பாதி உண்மை. ஜேசி முடித்தவர் சட்டம், பொருளியல், பொறியியல், வரலாறு என்று எதற்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கதவுகள் சாத்தப்படுவது ஜேசியில் சேர்ந்த முதல் சில வாரத்திலேயே, பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது. வேதியியலை எடுக்காதவருக்கு ஜேசியிலிருந்து நேராக மருத்துவம் போகும் வழி அப்போதே போயிற்று. வேதியியலோடு உயிரியலோ இயற்பியலோ சேர்த்து எச்2 என்னும் முழுப்பாட நிலையில் எடுத்திருக்க வேண்டும். மறுபுறம், என்ன துறை என்று முடிவாகாதவர்களுக்குப் பாலிடெக்னிக்குகளிலும் பொதுச் சேர்க்கைத் திட்டங்கள் உண்டு. பொறியியல், வணிகம், தகவல் தொழில்நுட்பம் என்ற பெரும்பிரிவில் சேர்ந்து, சில காலம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு குறிப்பிட்ட படிப்புக்குப் பிரியலாம். ஆகவே 'தெரியாது' என்பது ஜேசிக்குப் போதுமான காரணம் ஆகாது. பாடங்களைப் பாடங்களாகவே பிடிக்கும் என்றால், ஒரு கட்டுரை வினாவோடு இரவு முழுக்க மல்லுக்கட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்றால், அதுதான் ஜேசிக்கு நல்ல காரணம். டாக்டர் கனவு உள்ளவருக்கும் ஜேசிதான் நேர்வழி. பாலிடெக்னிக்கிலிருந்து மருத்துவம் போக முடியாது என்பது பொய். வாசல் குறுகல் என்பது மெய்.

பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் பாதை உண்டு. ஜேசி மாணவரின் சேர்க்கை மதிப்பெண் முன்பு 90க்கு இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து 70க்கு. மூன்று எச்2 பாடங்களும் பொதுத்தாளும் அடிப்படை. நான்காவது பாடமும் தாய்மொழியும் உயர்த்திக் காட்டினால் மட்டும் சேரும். குழுவாகச் செய்யும் திட்டப்பணியில் தேறினால் போதும். நெருக்கடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். பாலிடெக்னிக் மாணவருக்கு அந்தச் சராசரிதான் எல்லாம். அது நன்றாக இருந்து, அதே துறையில் தொடர்ந்தால், பல்கலைக்கழகத்தில் சில பாடங்களுக்கு விலக்குக் கிடைத்து ஓராண்டுவரை மிச்சமாகலாம். பையன்கள் விஷயத்தில் இரண்டாண்டு தேசிய சேவையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இரு வழியிலும் போனவர்கள் ஏறக்குறைய ஒரே வயதில் பட்டம் வாங்குவது சாதாரணம். "ஒரு வருஷம் வீணாப் போயிடும்" என்று மாமாக்கள் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு தாளை எடுத்து இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டத் தோன்றும்.

ஆனால் பட்டயத்தோடு நின்றுவிட்டால்? சம்பள இடைவெளியை மறைக்க முடியாது. 2024இல் படிப்பை முடித்தவர்கள் பற்றிய ஆய்வுகளில், முழுநேர வேலை கிடைத்த பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் இடைநிலை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. பாலிடெக்னிக் பட்டயதாரிகளுடையது 2,900 வெள்ளி. பாலிடெக்னிக்கைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மூன்று ஆண்டு படித்துவிட்டு வேலைக்குப் போவதா, மேலே படிப்பதா என்பதைச் சேரும்போதே வீட்டில் ஒருமுறை பேசிவிட வேண்டும்.

தமிழைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஜேசியில் எச்1 (எச்2இல் பாதி அளவு) தமிழும் உண்டு, தமிழ்மொழியும் இலக்கியமும் என்ற எச்2 பாடமும் உண்டு. உயர்நிலையில் உயர்தமிழ் எழுதித் தேறியவர் ஜேசியில் தாய்மொழி படிக்க வேண்டியதில்லை என்பதால், வகுப்பிலேயே நன்றாகத் தமிழ் எழுதியவள் முதல் ஆளாகத் தமிழை விட்டுவிடுவதும் நடக்கிறது. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, இருக்கட்டும். பாலிடெக்னிக்கில் பெரும்பாலோருக்குத் தமிழ் பதினாறோடு முடிகிறது. விலக்காக, நீ ஆன் பாலிடெக்னிக்கில் தமிழும் பாலர் கல்வியும் இணைந்த பட்டயப்படிப்பு இருக்கிறது. பாலர் பள்ளித் தமிழாசிரியர் ஆக விரும்பும் பிள்ளைக்கு ஜேசி சுற்றுவழி, இது நேர்வழி. தமிழில் பட்டம் வேண்டுமென்றால் பின்னர் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். அங்கிருந்து பாலிடெக்னிக்குக்கும் அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கும் போனவர்களை நானே அறிவேன். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

முன்மாதிரிகளிடம் வருகிறேன். நாதன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், எழுத்தராக வேலை பார்த்தவர், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் மொழிபெயர்ப்பாளர். 1954இல் அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கியது சமூக ஆய்வுகள் துறையில் ஒரு பட்டயம். மருத்துவமனைச் சமூகப் பணியாளராகத் தொடங்கி, கப்பல் தொழிலாளர் நலனைக் கவனித்து, 1999இல் அதிபரானார். தேசியப் பற்றுறுதியை எழுதிய எஸ் ராஜரத்னம் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், முடிக்காமல், பத்திரிகையாளர் ஆனவர். தர்மனோ நன்கு படித்து, பெரிய பல்கலைக்கழகங்களில் தேறி, கொள்கை வகுக்கும் இடத்துக்கு வந்தவர். மூவரையும் போற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை, அந்த மூன்று பாதையையும் ஒரே 'நன்றாகப் படித்து ஜேசிக்குப் போய்' என்று சுருக்கிவிடுகிறது. அவர்கள் காலத்துப் பள்ளி வேறு, இன்றைய பள்ளி வேறு. படிப்பைப் பாதியில் விட்டாலும் அதிபராகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அம்மாவைப் பற்றி எழுதுகிற பிள்ளைகள் இதில் தேவலை. இரவு வேலை முடிந்து வந்தும் சமைத்து வைக்கும் தாதி அம்மாவை எழுதிய ஒரு பெண், அம்மாவின் வேலை நேரம், கால் வலி, நோயாளிகள் பேசுவது எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அந்தத் துறையைத் தெரிந்துதான் அவள் தேர்ந்தெடுப்பாள், அல்லது தெரிந்துதான் விலகுவாள்.

ஆகவே இரண்டுக்கும் புள்ளி போதுமான பிள்ளையிடம் நான் 'என்ன ஆகப் போகிறாய்' என்று கேட்பதில்லை. உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் எப்படிப் படித்தாய் என்றுதான் கேட்கிறேன். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு கொழுந்துவிட்டு எரியும் ஆளா? ஜேசி அவரைத் தாங்கும். வாராவாரம் கொடுத்த வேலையை முடித்து வைத்துவிட்டு, தேர்வு அறையில் மட்டும் கை நடுங்கும் ஆளா? அவரைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்புங்கள், எட்டுப் புள்ளி எடுத்திருந்தாலும் சரி. எதையும் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போட்டு, பாடமும் பிடிக்காத ஆளுக்கு இரண்டும் கஷ்டம். அவருக்குப் பிடித்த துறை ஒன்றாவது இருந்தால் பாலிடெக்னிக் பரவாயில்லை.

துறை தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு வழி இருக்கிறது. தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஆர்வத்தையும் திறனையும் வைத்து இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கையில் ஆண்டின் நடுவிலேயே பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பிக்கலாம், நேர்முகத்துக்கும் அழைப்பார்கள். ஆனால் இடம் கிடைத்து அதை ஏற்றுக்கொண்டவர் ஜனவரியில் முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும், ஜேசிக்கும் பாலிடெக்னிக்குக்கும் பொதுவான கூட்டுச் சேர்க்கையில் பங்கெடுக்க முடியாது. வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை என்றால் அவசரப்பட்டு ஏற்காதீர்கள்.

ஜனவரியில் முடிவு வந்த கையோடு கூட்டுச் சேர்க்கை திறந்துவிடும். பன்னிரண்டு விருப்பங்கள் எழுதலாம், அவகாசம் சில நாள்தான். ஜேசியையும் பாலிடெக்னிக் படிப்பையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாலிடெக்னிக்குகள் ஜனவரித் தொடக்கத்தில் பொது வரவேற்பு நாள் நடத்தும்போதே போய், விரிவுரையாளரை விட்டுவிட்டு மூன்றாமாண்டு மாணவரைப் பிடித்துக் கேளுங்கள்: குழுத் திட்டம் எத்தனை, வேலைப் பயிற்சிக்கு எங்கே அனுப்பினார்கள், முதல் பருவத்தில் எத்தனை பேர் படிப்பை மாற்றிக்கொண்டார்கள். ஜேசிக்குப் போனால் கேட்க வேண்டியது வேறு: எந்தப் பாடச் சேர்க்கையெல்லாம் கிடைக்கும், முதல் வாரங்களில் மாற்ற விடுவார்களா, எச்2 தமிழ் அங்கேயே சொல்லித் தருகிறார்களா.