அட்மிஷன் ரிப்போர்ட்டும் ஸ்டாஃப் ரிப்போர்ட்டும் வெச்சு 6 வருஷமா பேப்பர் அலாட் பண்றேன், என் அனுபவம்

தமிழ்நாட்ல ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், செல்ஃப் பைனான்ஸ் பக்கம். 6 வருஷமா எங்க டிபார்ட்மென்ட் ஒர்க்லோடு, எந்த எலெக்டிவ் (பசங்க தாங்களே தேர்ந்தெடுக்கிற பாடம்) ஓடணும், லேப் எத்தனை பேட்ச், யாருக்கு எந்த பேப்பர் (பாடம்)னு போடுற வேலை என்கிட்ட தான். காலேஜ்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல இருந்து ரெண்டு ரிப்போர்ட் எடுப்பேன், ஒண்ணு ஸ்ட்ரெங்த் ரிப்போர்ட், அதாவது அட்மிஷன் ஆகி எத்தனை பசங்க இருக்காங்கங்கிறது, இன்னொண்ணு ஸ்டாஃப் ரிப்போர்ட். ரெண்டையும் ஷீட்ல கொண்டுவந்து பக்கத்து பக்கத்துல வெச்சு பாக்குறது தான் மொத்த வேலையும். புதுசா இந்த பொறுப்பு வர்றவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

முதல்ல ஸ்ட்ரெங்த். இதுல நான் நல்லா அடிபட்டிருக்கேன். முதல் வருஷம் ஜூன் கடைசில ரிப்போர்ட் எடுத்தேன், ஃபர்ஸ்ட் இயர்ல 66 பேருன்னு வந்துச்சு, சாங்ஷன் ஆன சீட் 60 தான், கூடுதல் சீட்டுக்கு அனுமதி கிடைச்சிருந்ததால 66. எங்க லேப்ல 30 சிஸ்டம். 60 பேருன்னா ரெண்டு பேட்ச்ல முடிஞ்சிரும், 66ன்னா மூணாவது பேட்ச் போடணும், ஒரு பிராக்டிகலுக்கு வாரத்துக்கு 5 அவர் (மணி நேரம்), மூணு வருஷத்து கிளாஸ்லயும் இப்படி கூடுனா, கிளாஸுக்கு ஒரு பிராக்டிகல்னு வெச்சு 15 அவர். யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி அசிஸ்டென்ட் புரொபசருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் கிளாஸ். கிளாஸுக்கு 6 பசங்க கூடுனதுக்கு கிட்டத்தட்ட ஒரு முழு ஆள் வேணும்னு கணக்கு சொல்லுது. நானும் அப்படியே எழுதி குடுத்தேன், மேனேஜ்மென்ட்ல ஒரு மேடத்தை அப்பாயின்ட் பண்ணாங்க.

அப்புறம் இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஒவ்வொரு ரவுண்டா முடிய முடிய பசங்க வந்து டிசி வாங்க ஆரம்பிச்சாங்க. பின்னாடியே நர்சிங், பாராமெடிக்கல் கவுன்சிலிங். இது எங்க காலேஜ்ல மட்டும் இல்ல, ஆர்ட்ஸ் காலேஜ்ல வேலை பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்சது தான், எனக்கும் தெரியும், ஆனா ரிப்போர்ட்ல பிரிண்ட் ஆகி வந்த நம்பரை பாத்ததும் அதையே நம்பிட்டேன். செப்டம்பர்ல ஒரு நாள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை எடுத்து பேர் பேரா விரல் வெச்சு எண்ணுனேன், சிவப்பு மசில டிசின்னு எழுதுன பேரையெல்லாம் தள்ளிட்டு பாத்தா 53. அன்னைக்கு சாயந்திரம் சாஃப்ட்வேர்ல பாத்தா அதுல இன்னும் 64ன்னு காட்டுது, ஏன்னா ஆபீஸ்ல டிசி குடுத்ததும் யாரும் உடனே உள்ள போய் பேரை எடுக்குறதில்ல, ஸ்காலர்ஷிப் வேலை முடிஞ்சப்புறம் மொத்தமா எடுப்பாங்க. மூணாவது பேட்ச் தேவையே இல்லாம போச்சு. அந்த மேடத்துக்கு அடுத்த செமஸ்டர் எடுக்க கிளாஸ் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவங்க வேற ஒரு ஸ்கூல்ல இருந்த வேலையை விட்டுட்டு வந்தவங்க. ஸ்டாஃப் ரூம்ல டிபன் பாக்ஸை பைக்குள்ள எடுத்து வெச்சுட்டு, "பரவால்ல சார், நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு சொல்லிட்டு போனாங்க. நான் எழுதி குடுத்த கணக்கு தான அது. இன்னைக்கும் மனசுல இருக்கு.

அதுக்கப்புறம் ஒரே தேதில எடுத்த ஸ்ட்ரெங்த்தை நம்பி எதுவும் பண்றதில்ல. ஷீட்ல மூணு காலம் (column) போட்டுட்டேன், அட்மிஷன் முடிஞ்ச அன்னைக்கு ஒண்ணு, கவுன்சிலிங் எல்லாம் அடங்குனப்புறம் ஒண்ணு, எக்ஸாம் ஃபீஸ் கட்டி நாமினல் ரோல் (பரீட்சை எழுதப் போறவங்க பேர் லிஸ்ட்) வந்தப்புறம் ஒண்ணு. என் அனுபவத்துல நாமினல் ரோல் நம்பர் தான் உண்மையான ஸ்ட்ரெங்த், பணம் கட்டி பரீட்சை எழுத வர்றவன் தான் அடுத்த செமஸ்டரும் வருவான். அரியர் வெச்சிருந்தாலும் அடுத்த செமஸ்டருக்கு வந்துருவாங்க, அதனால ஃபெயில் கணக்கை பாத்து ஸ்ட்ரெங்த் குறையும்னு நினைக்க வேண்டியதில்ல. 6 வருஷத்து நம்பரையும் பக்கத்து பக்கத்துல பாத்ததுல எங்களுக்கு ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது, முதல் ரெண்டு மூணு மாசத்துல தான் பெரிய சரிவு, அதுக்கப்புறம் மூணாவது வருஷம் வரைக்கும் நாலஞ்சு பேர் தான் குறைவாங்க. அப்போ மூணாவது பேட்ச்ங்கிறதே அந்த ரெண்டு மூணு மாசத்துக்கு மட்டும் உள்ள பிரச்சனை. இப்போ பக்கத்துல பிசிஏ லேப்ல 6 சிஸ்டம் கேட்டு வாங்கி அங்க உக்கார வைக்கிறோம், ரெண்டு லேபும் அடுத்தடுத்த ரூம், லேப் அசிஸ்டென்ட் பாத்துக்கிறார், அவ்ளோ தான்.

இது எங்க டிபார்ட்மென்ட்டோட நிக்கிற விஷயமும் இல்ல. பார்ட் ஒன் தமிழ் கிளாஸ், அதாவது எல்லா பசங்களுக்கும் பொதுவான மொழிப்பாட கிளாஸ், எல்லா டிபார்ட்மென்ட் ஸ்ட்ரெங்த்தை வெச்சும் தான் போடுறாங்க. ஒரு தடவை தமிழ்த்துறை ஐயா நேரா என்கிட்டயே வந்துட்டார், "தம்பி, நீங்க குடுத்த லிஸ்ட்டையும் பிசிஏ லிஸ்ட்டையும் சேத்தா ஒரு கிளாஸுக்கு அடங்காதுன்னு ரெண்டு செக்‌ஷனா பிரிச்சேன், இப்போ ஒவ்வொண்ணுலயும் பாதி பெஞ்சு காலியா கெடக்கு, எனக்கு ஆளும் பத்தல"ன்னார். அவர் சொன்னதுல தப்பே இல்ல. அதுல இருந்து செப்டம்பர் நம்பரை அவருக்கு முதல்ல அனுப்பிருவேன், அப்புறம் தான் என் வேலை.

அடுத்து ஸ்டாஃப் ரிப்போர்ட். இது தலையை எண்ணுது, நமக்கு வேண்டியது அவங்க எத்தனை மணி நேரம் கிளாஸ் எடுக்க முடியும்ங்கிறது. எங்க ரிப்போர்ட்ல 9 பேருன்னு இருக்கும். அதுல ஒருத்தர் என்சிசி ஆபீசர், ஒருத்தர் பரீட்சை வேலைகளை பாக்குற எக்ஸாம் செல்லுல இருக்கார், ஒரு மேடம் மகப்பேறு லீவ், ஹெச்ஓடிக்கு மீட்டிங்கே பாதி நாள். நமக்கு டே ஆர்டர் 6 (டைம்டேபிள் ஒரு சுத்துக்கு 6 நாள்), ஒரு நாளைக்கு 5 பீரியட், ஆக ஒரு கிளாஸுக்கு வாரத்துக்கு 30 அவர், அந்த 30ஐ யார் யார் எடுக்கிறாங்கன்னு கீழ இருந்து கூட்டிட்டு வந்தா தான் உண்மை தெரியும். இன்னொரு கோளாறு, லேப்ல ரெண்டு ஸ்டாஃப் நின்னா சாஃப்ட்வேர் ரெண்டு பேருக்கும் முழு 5 அவர் போட்டுரும், ரிப்போர்ட்டை பாத்தா எல்லாரும் ஃபுல் லோடுல இருக்கற மாதிரி தெரியும். ரெண்டு வருஷமா மாத்த சொல்லி கேக்குறேன், இன்னும் நடக்கல. அதனால யார் மெயின், யார் துணைன்னு நானே கையால ஒரு காலம் போட்டு வெச்சிருக்கேன். யார் எப்போ லீவ்ல போறாங்க, எப்போ திரும்பி வர்றாங்கங்கிற தேதியும் அந்த ஷீட்லயே இருக்கணும், இல்லன்னா நவம்பர்ல அவசர அவசரமா கெஸ்ட் ஆள் தேட வேண்டி வரும்.

எலெக்டிவ் பத்தி தனியாவே எழுதலாம். ஒரு எலெக்டிவ்ல 11 பேர் தான் சேந்தாங்க, ரிப்போர்ட்டை மட்டும் பாத்தா பசங்களுக்கு அந்த சப்ஜெக்ட்ல இன்ட்ரஸ்ட் இல்ல, எடுத்துரலாம்னு தோணும், மீட்டிங்ல அப்படித்தான் பேச்சும் வந்துச்சு. நான் அந்த வருஷ டைம்டேபிளை எடுத்து பாத்தேன், அந்த பேப்பரை கடைசி அவர்ல போட்டிருக்கோம். எங்க பசங்கள்ல பாதி பேர் கிராமத்துல இருந்து டவுன் பஸ்ல வர்றவங்க, பொண்ணுங்க நிறைய பேர் இலவச பஸ்ஸை நம்பித்தான் வர்றாங்க, கடைசி அவர் முடிச்சுட்டு ஓடுனா பஸ் போயிருக்கும், அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் நிக்கணும். அடுத்த வருஷம் அதே பேப்பர், அதே சார், ரெண்டாவது அவர்ல போட்டோம், 29 பேர் வந்தாங்க. இப்போ எலெக்டிவ் எண்ணிக்கை பக்கத்துல எந்த அவர், எந்த ஸ்டாஃப்னு ரெண்டு காலம் சேத்து தான் ரிப்போர்ட்டை கொண்டுபோறேன். விருப்பத்தையும் முந்தின செமஸ்டர் முடியறதுக்கு முன்னாடியே ஃபார்ம்ல வாங்கிடுறோம், லீவு விட்டப்புறம் கேட்டா பாதி பேர் பதிலே போடமாட்டாங்க.

ஏஐஎஸ்எச்இங்கிற மத்திய அரசோட உயர்கல்வி சர்வேக்கு 2010-11ல இருந்து வருஷா வருஷம் காலேஜ் டேட்டா குடுக்கணும், அதுக்கு இந்த சாஃப்ட்வேர் ரிப்போர்ட் நல்லாவே போதும், ஒரு கிளிக்ல வந்துரும், அதுல குறையே இல்ல. ஆனா சர்வேக்கு போற மொத்த எண்ணிக்கையை வெச்சு டைம்டேபிள் போட முடியாது, அது வேற வேலைக்கு உள்ளது. வாங்கலாமா இந்த மாதிரி சாஃப்ட்வேர்னு கேட்டா வாங்கலாம், ஆனா தேதி போட்டு பழைய நம்பரை சேவ் பண்ணி வைக்குதான்னு டெமோலயே கேளுங்க. எங்களோடது வைக்காது, இன்னைக்கு எடுத்தா இன்னைக்கு நம்பர் தான், போன ஜூன்ல எத்தனை இருந்துச்சுன்னு கேட்டா அதுக்கு தெரியாது. 6 வருஷ கணக்கு என்கிட்ட இருக்குன்னா ஒவ்வொரு தடவையும் எடுத்து தேதி போட்டு தனியா சேவ் பண்ணதால தான்.

இந்த வருஷம் ஷீட்ல ஜூன் நம்பரா 65ன்னு போட்டிருக்கேன். புது ஆள் வேணுமான்னு பிரின்சிபால் கேட்டார். கவுன்சிலிங் முடியட்டும் சார், ரிஜிஸ்டரை எண்ணிட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கேன், பிசிஏ லேப்ல சிஸ்டத்துக்கு லெட்டரும் குடுத்தாச்சு.