“நம்ம ஊருதாண்ணே” என்றான், 41,500 ரூபாய் போய்விட்டது

41,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்புக்கு 38,000, அதைச் “சரி பண்ணித் தர” 3,500. இன்று மதியம் விற்றவனுக்குக் கடைசியாகப் போன் போட்டேன், ஒரே ரிங்கில் கட். வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் காணவில்லை. பிளாக் பண்ணிவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் வெட்கத்தில் எழுத மாட்டேன்.

தங்கச்சிமடத்தில் வீட்டு மாடி அறையில் சின்னதாக ரெக்கார்டிங் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழாப் பாட்டு, கல்யாணப் பாட்டு, யாராவது தேர்தலில் நின்றால் அதற்கு ஒரு பாட்டு. பழைய லேப்டாப் ஏழு வருடம் உழைத்துவிட்டு மார்ச்சில் செத்தது. மெக்கானிக் திறந்து காட்டினார், போர்டு ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்று. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே இரண்டு மழைக்குத் தாங்காது.

புதிது வாங்க வசதியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும்போது ஊரில் யார் கையிலும் காசு புழங்காது, பாட்டுக்கு யார் தருவார்கள்? கருவாடு விற்றுக் கட்டிவந்த சீட்டை அம்மா தள்ளி எடுத்துக் கொடுத்தார். ஜூலை 25 சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நாலு பாட்டு ஒத்துக்கொண்டிருந்தேன், அந்த தைரியத்தில் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. பழைய லேப்டாப்புகளைப் புதுப்பித்து விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம். “மியூசிக் புரொடக்‌ஷனுக்கென்றே டியூன் செய்தது. ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. நூறு டிராக் போட்டாலும் திணறாது.” நம்பர் கொடுத்திருந்தான், கூப்பிட்டேன்.

“எந்த ஊருண்ணே?”

“தங்கச்சிமடம்.”

“அட! எங்க அம்மாவுக்கு மண்டபம்ணே. லீவு விட்டா அங்கதான் கிடப்பேன். புதுப் பாலத்துல ரயில் போகுதாமே, பாத்தீங்களா?”

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். லேப்டாப்பைப் பற்றி அதுவரை ஒரு கேள்விகூட நான் கேட்டிருக்கவில்லை. பத்து நிமிஷம் பாம்பன் பாலம், மண்டபத்து நண்டு, தூக்குப்பாலம் ஏறி இறங்குவது என்று பேசினோம். போனை வைக்கும்போது அவன் எனக்குத் தம்பி முறை ஆகிவிட்டான். அவன் அம்மாவுக்கு உண்மையிலேயே மண்டபமா, இல்லை போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சாயங்காலம் வீடியோ காலில் டெமோ காட்டினான். திரை நிறைய டிராக்குகள், பாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. “ஒரு கரகரப்பு இருக்கா சொல்லுங்கண்ணே.” இல்லைதான். அனுப்பிவிட்டேன் 38,000. பணம் போனது வேறொருவர் பெயரில் இருந்த கணக்குக்கு. “அக்கவுண்டன்ட் நம்பர்ணே” என்றான். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கடை முகவரியும் இல்லை. அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, தம்பியாயிற்றே!

டெமோவில் நடந்த வித்தை இப்போதுதான் புரிகிறது. அவன் ஓட்டிக் காட்டியது ஏற்கெனவே பதிந்து முடித்த பாட்டு. பஃபர் என்பது பிராசசர் ஒரு தவணைக்குச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் சத்தத்தின் அளவு. அதை 2048-ல் வைத்தால் எந்த ஓட்டை லேப்டாப்பும் பாட்டைச் சுகமாக ஓட்டும். நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது சத்தத்தின் சின்னத் துண்டுகள், என்ற கணக்கில் 2048 சாம்பிள் என்றால் சுமார் 46 மில்லி விநாடி, பிராசசருக்குத் தாராளமான அவகாசம். மைக்கில் ஒருவர் பாடி அதை ஹெட்போனில் அப்போதே கேட்க வேண்டும் என்றால்தான் மெஷினின் யோக்கியதை தெரியும். அதற்கு 128 வேண்டும், அதாவது 2.9 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு தவணைக் கணக்கையும் முடித்தாக வேண்டும். ஜெட்டியில் மீன் கூடை கை மாறுகிறதே, அது மாதிரி. வரிசையில் ஒரே ஒருத்தன் வேட்டியை இறுக்கிக் கட்ட நின்றாலும் கூடை கீழே விழும். மற்ற பத்துப் பேர் எவ்வளவு பலசாலி என்பது அங்கே பேச்சே இல்லை. அப்படி விழுகிற கூடைதான் நமக்குக் காதில் “பட் பட்” என்று கேட்பது.

பார்சலை ராமநாதபுரம் கூரியர் ஆபீஸில் போய் எடுத்துவந்தேன். அன்றைக்கே கொயர்ப் பிள்ளை ஒருத்தியை வரச்சொல்லிப் பாட வைத்தேன். 128-ல் கரகர. 256-லும் அதே. 1024-க்கு ஏற்றினால் கரகரப்பு நின்றது, ஆனால் சத்தம் உள்ளே போக 23, வெளியே வர 23 மில்லி விநாடி. அந்தப் பிள்ளை பல்லவியிலேயே நிறுத்திவிட்டு, “எனக்குப் பின்னாடி இன்னொருத்தி பாடுற மாதிரி இருக்குண்ணே” என்றது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், டிரைவர் போடுங்கண்ணே. போட்டேன். இரண்டாம் நாள், உங்க ஆடியோ இன்டர்ஃபேஸ் பழசு. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் அதே இன்டர்ஃபேஸ் பெட்டி என் செத்துப்போன லேப்டாப்பில் நாலு வருடம் 128-ல் ஓடியது என்றேன். “அங்க வெயில் ஜாஸ்தில்ல ப்ரோ” என்றான். கவனியுங்கள், அண்ணே போய் ப்ரோ வந்துவிட்டது. மூன்றாம் நாள், எங்க டெக்னீஷியன் ஆன்லைனிலேயே ஆடியோ டியூனிங் பண்ணித் தருவார், 3,500 ஆகும். 38,000 போட்டவன் 3,500-க்கு யோசிப்பானா? போட்டேன்.

திரையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினார்கள். ஆன்டிவைரஸை நிறுத்தினார்கள். இணையத்தில் சும்மா கிடைக்கும் ஏசியோ4ஆல் டிரைவரை ஏற்றினார்கள், இன்டர்ஃபேஸுக்கு அதன் சொந்த ஏசியோ டிரைவர் (சத்தம் தாமதமாகாமல் போய்வர வைக்கும் மென்பொருள்) இருக்கும்போது அது எதற்கு? கடைசியில் பஃபரை 2048-ல் வைத்துவிட்டு, “இப்ப சத்தம் வருதா பாருங்க” என்றார்கள். 3,500 ரூபாய்!

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நாளை டெக்னீஷியன் பேசுவார், திங்கள்கிழமை பேசுவார் என்று இழுத்தான். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: “ரீபிளேஸ்மென்ட் 7 நாள்தான் சார்.” ப்ரோவும் போய் சார். சாருக்கு அடுத்தது பிளாக்.

கீழக்கரையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒருவர், அண்ணன் என்ற அர்த்தத்தில் காக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், நேற்று வந்து பார்த்தார். மெஷின் சத்தத்தைத் தடங்கலில்லாமல் ஓட்டுமா என்று பார்க்கும் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓட்டினார், இரண்டு நிமிஷத்தில் சிவப்பு, ஓட்டாது என்று அர்த்தம். வைஃபையை அணைத்ததும் கொஞ்சம் தணிந்தது. அப்புறம் டாஸ்க் மேனேஜரைக் காட்டி, “வேகத்தப் பாரு” என்றார். 0.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. கூடவே வந்த சார்ஜர் டூப்ளிகேட். சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் சில லேப்டாப்புகள் பிராசசரைத் தாமாகவே தாழ்த்திவிடுமாம். அவரிடம் அதே கம்பெனி ஒரிஜினல் சார்ஜர் ஒன்று கிடந்தது. மாட்டியதும் 2.6-ஐத் தாண்டியது, 256-ல் ஒரு குரல் சுத்தமாகப் பதிந்தது. ஒரு நொடி எனக்கு உயிரே வந்தது. எதிரொலிக்கு ஒரு ரிவெர்பும் பேஸ் சின்த் வாத்தியமும் சேர்த்ததும் மறுபடி கரகர.

காரணம் பிராசசர் பெயரின் கடைசியில் இருந்தது. ஐ7-6600யூ. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை, கணக்குப் போடும் கோர் இரண்டே இரண்டு, 15 வாட். ஐ7 என்ற பெயரைப் பார்த்து நான் நாலு கோர் என்று நினைத்துக்கொண்டேன். அதே தலைமுறையில் ஹெச்க்யூ என்று முடிந்த ஐ7-கள் நாலு கோர், 45 வாட். விண்டோஸ் 11-உம் இதில் முறைப்படி ஏறாது, எட்டாம் தலைமுறையில் இருந்துதான். பேட்டரி வேறு உப்பியிருக்கிறது. ஒன்றில் மட்டும் பொய் சொல்லவில்லை, ரேம் 16 ஜிபிதான்.

“இத நீ எட்டாயிரத்துக்கு வாங்கியிருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன்” என்றார் காக்கா. நான் கொடுத்தது 41,500. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பழைய லேப்டாப்பை இசைக்காகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பிராசசரின் முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரை கேளுங்கள். டெமோ என்றால் பஃபர் 128, மைக்கில் அவனையே பாடச் சொல்லுங்கள், பஃபர் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சார்ஜர் ஒரிஜினலா பாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், அதிலும் வேறு பெயர்க் கணக்குக்கு. திரையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். முதல் நாளே “திருப்பி எடுத்துக்கொள்” என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள், போனில் பேசிக்கொண்டிருந்தால் ஏழு நாளை அவனே தின்றுவிடுவான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் படம் எடுத்து வைத்தாயிற்று, திங்கள்கிழமை ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாலு பாட்டையும் காக்காவின் மெஷினில்தான் பதிய வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அது சும்மா இருக்குமாம். கொயர்ப் பிள்ளைகளைக் கீழக்கரை வரை கூட்டிப்போக வேன் பேச வேண்டும், அதற்கு இன்னும் 2,000.