கரடிப்போக்குச் சந்தி லப்டொப் கடை: 3500 ரூபாவில் தீராதது 500 ரூபாவில் தீர்ந்தது

கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் ஏ9 வீதியோடு ஒரு சின்ன லப்டொப் கடை. பலகையில் பேர்கூட இல்லை, ‘கணினி, போன் திருத்தப்படும்’ என்று மட்டும்தான் இருக்கிறது. இரண்டு கதிரை, ஒரு மேசை, மேசை நிறையக் கழற்றிப் போட்ட போன்கள். பார்த்தால் நம்பிக்கை வராது. எனக்கும் வரவில்லை.

எங்கள் வீடு விசுவமடுவில். போன ஐப்பசி மழையில் மின்னல் அடித்துப் பழைய ரவுட்டர் கருகிப் போனது. லீவில் கனடாவில் இருந்து வந்து நின்ற மருமகன் புது ரவுட்டர் ஒன்று வாங்கிப் பூட்டி, ‘மாமா, இனி ஒருத்தரும் உங்கட வைஃபைக்குள்ள வரேலாது’ என்று சொல்லிவிட்டுப் பிளேன் ஏறினான். ஒருத்தரும் வரவில்லைதான், என்னுடைய லப்டொப் உட்பட. வீட்டில் நாலு போனும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வேலை செய்தன. லப்டொப்பில் மட்டும் வைஃபையின் பேர் வரும், தட்டினால் கொஞ்ச நேரம் சுற்றும், பிறகு ‘இணைக்க முடியவில்லை’ என்று நிற்கும். பாஸ்வேர்ட் பிழையோ என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன், நெட்வேர்க்கை மறக்கச் சொல்லித் திரும்பப் போட்டேன், ரவுட்டரை நிறுத்தி ஏற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் கொண்டுபோனது வேறொரு கடைக்கு, பேர் வேண்டாம். அங்கே ஒன்றும் கேட்கவில்லை, ‘விண்டோஸ் பழுது, போர்மட் அடிக்க வேணும்’ என்றார்கள். 3500 ரூபா. இரண்டு நாள் கழித்துப் போனால் கடை வைஃபையில் அழகாக வேலை செய்கிறது. சந்தோசமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதே ‘இணைக்க முடியவில்லை’. போதாததற்கு நான் தேடித் தேடிப் போட்டு வைத்திருந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் போய்விட்டன. திரும்பப் போய்க் கேட்டதற்கு ‘அப்ப வைஃபை கார்ட் பழுது’ என்றார்கள், லப்டொப்புக்குள் வைஃபையைப் பிடிக்கிற பாகம் அது. அவர்கள் கடையிலேயே வேலை செய்த கார்ட் என் வீட்டுக்கு வந்ததும் எப்படிப் பழுதாகும் என்று கேட்டேன், பதில் இல்லை.

பஸ் பரந்தனில் திரும்பிக் கிளிநொச்சிக்குப் போகும்போது இந்தக் கடை கண்ணில் பட்டது, சரி, இதையும் பார்ப்போம் என்று இறங்கினேன். பெடியனுக்கு இருபத்தைந்து வயது வராது. லப்டொப்பைத் திறக்க முதலே கேட்டான்: ‘அண்ணை, போன் ஹொட்ஸ்பொட்டில போட்டா எடுக்குதோ?’ எடுக்கும் என்றேன். ‘அப்ப கார்ட் நல்லம். உங்கட ரவுட்டரும் இதுவும்தான் ஒத்துப்போகேல்லை. ரவுட்டர் புதுசோ?’ இந்த ஒரு கேள்வியை முதல் கடையில் கேட்டிருந்தால் எனக்கு 3500 ரூபாவும் எழுத்துருக்களும் மிஞ்சியிருக்கும்.

பிறகு கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ‘ஷோ டிரைவர்ஸ்’ என்று முடிகிற ஒரு கட்டளையை அடித்தான். அந்தக் கார்ட்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் எந்தெந்த வைஃபைப் பூட்டு முறைகளைப் புரிந்துகொள்ளும் என்று அதில் பட்டியல் வரும். பழைய முறையான டபிள்யூபிஏ2 இருந்தது, புதிய முறையான டபிள்யூபிஏ3 இல்லை. டபிள்யூபிஏ3 வந்ததே 2018இல், என் லப்டொப் 2014இல் வாங்கியது. விண்டோஸ் 10க்கு அது தெரிந்தாலும் கார்ட்டுக்கும் டிரைவருக்கும் தெரியாவிட்டால் பயனில்லை. புது டிரைவர் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தான், அந்தக் கார்ட்டுக்கு இல்லை. மருமகன் பாதுகாப்பு கூடட்டும் என்று டபிள்யூபிஏ3 மட்டும் என்று போட்டு வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது.

புதுக் கார்ட் ஒன்றை என் தலையில் கட்டியிருக்கலாம், நானும் காசு கொடுத்திருப்பேன். அதற்குப் பதிலாக ஒரு துண்டில் எழுதித் தந்தான்: ரவுட்டரின் கீழே ஒட்டியிருக்கும் முகவரியைப் போன் பிரவுசரில் அடி, வயர்லெஸ் செக்கியூரிட்டிக்குப் போ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைப் போட்டுப் பார், சரிவராவிட்டால் டபிள்யூபிஏ2 மட்டும், அதோடு ஏஇஎஸ் என்ற மறைகுறியாக்க முறை. ‘டிகேஐபி எண்டும் ஒண்டு காட்டும், அதைத் தொடாதேங்கோ, பழசு, வேகமும் குறையும். பூட்டில்லாமலும் விடாதேங்கோ’ என்றான். வீட்டில் கலந்த முறை சரிவரவில்லை. சில பழைய கார்ட்டுகள் அதிலும் முரண்டு பிடிக்குமாம். தனி டபிள்யூபிஏ2 போட்ட உடனே பிடித்தது. பாஸ்வேர்டையும் இருபது எழுத்துக்கு நீட்டி வைத்தேன், எட்டில் இருந்து 63 வரை வைக்கலாம். நாலு போனிலும் திரும்ப அடிக்க வேண்டி வந்தது, மனிசியிடம் பேச்சும் வாங்கினேன்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று பேருடன் கதைத்துக்கொண்டு வேலை செய்கிறான், பத்து நிமிட வேலைக்கு ஒன்றே கால் மணித்தியாலம் மினக்கெட்டேன். மின்விசிறி பேருக்குத்தான் சுற்றுகிறது. பில் கேட்டால் சிரிக்கிறான், கந்தோருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு இது சரிவராது. திரை மாற்றுவது, மதர்போர்ட் வேலை எல்லாம் எப்படிச் செய்வான் என்று நான் பார்க்கவில்லை, அதனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எடுத்தது 500 ரூபா. போகிறவர்கள் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போங்கள், ரவுட்டரின் கீழே உள்ள ஸ்டிக்கரை ஒரு படமும் எடுத்து வையுங்கள், அதையும் கேட்பான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை பூட்டு.