பழவேற்காடு பனை ஓலைத் தொப்பி: கத்திரி வெயில்ல போட்டுப் பார்த்த ரிவ்யூ

நேரா விஷயத்துக்கு வரேன். பழவேற்காட்டுப் பெண்கள் பின்னின பனை ஓலைத் தொப்பி, நுங்கம்பாக்கத்துல ஒரு கைவினைச் சந்தையில 650 ரூபாய்க்கு வாங்கினது. கத்திரி முழுக்க போட்டுட்டேன். வாங்கலாமான்னு கேட்டா கண்டிப்பா வாங்கலாம், ஆனா வாங்கினபடியே போடாதீங்க, தலைக்கு அளவு பண்ணி உள்ள ஒரு பட்டை தைச்சுட்டுப் போடுங்க. ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னு கீழ எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

எனக்கு வேலை லேண்ட் சர்வே. டோட்டல் ஸ்டேஷன்கற அளவுக் கருவியை ஸ்டாண்டுல மாட்டிட்டு நாவலூர், கேளம்பாக்கம் பக்கம் மொட்டை வெயில்ல நிக்கற ஆளு. கிரிக்கெட் கேப் போட்டா நெத்தி தப்பிக்கும், காதும் பிடரியும் கருகிடும். சேப்பாக்கம் பக்கத்து ஸ்போர்ட்ஸ் கடைகள்ல கிடைக்கற துணி ரவுண்டு தொப்பி பரவால்ல, ஆனா பத்து மணிக்கெல்லாம் வேர்வையில ஊறி மண்டையோட ஒட்டிக்கும். அப்புறம் மால்ல விக்கற ஃபெடோரா, அதான் உச்சியில பள்ளம் விழுந்த விளிம்புத் தொப்பி, பசங்க ரீல்ஸ் பாத்துட்டு அதைத்தான் நிறைய வாங்கறாங்க. நல்ல ஃபெடோரான்னா அது ஃபெல்ட். ஃபெல்ட்டை நெய்யறது கிடையாது, முயல் ரோமம், பீவர் ரோமம், ஆட்டு ரோமம் இதையெல்லாம் ஈரத்துலயும் சூட்டுலயும் அழுத்தி அழுத்தி ஒண்ணோட ஒண்ணு சிக்க வச்சு எடுக்கறது. இத்தாலியில 1857ல ஆரம்பிச்ச போர்சலினோ கம்பெனி இதுக்கே பேர் போனது, அருமையான கைவேலை. ஆனா குளிர் நாட்டுச் சரக்கு, அதுவும் மால்ல தொள்ளாயிரம் ரூபாய்க்கு கிடைக்கறது பெரும்பாலும் பாலியஸ்டர்தான், உள்ள லேபிளைத் திருப்பிப் பாருங்க தெரியும்.

ஃபெல்ட்டுக்குப் பின்னாடி ஒரு கொடுமை வேற இருக்கு. ரோமம் நல்லா சிக்கணும்னு அந்தக் காலத்துல பாதரச நைட்ரேட் தடவுவாங்க. அந்த ஆவியை வருஷக்கணக்கா சுவாசிச்ச தொழிலாளிங்களுக்கு கை நடுங்க ஆரம்பிச்சு, பேச்சு குழறி, மனசும் பேதலிச்சுப் போகும். அமெரிக்காவுல டான்பரின்னு ஒரு ஊர், தொப்பி ஃபேக்டரிகளாலயே வாழ்ந்த ஊர், இந்த நடுக்கத்துக்கு அந்த ஊர் பேரையே வச்சுட்டாங்கன்னா பாத்துக்கோங்க. 1941லதான் அங்க தொப்பித் தொழில்ல பாதரசத்துக்குத் தடை வந்துச்சு. தலையில வைக்கற ஒரு அழகுக்கு எத்தனை பேர் உடம்பு போயிருக்குன்னு நினைச்சா மனசு ஆறல.

வெள்ளைக்காரனே இங்க வந்து வெயில்ல வெந்தப்புறம் ஃபெல்ட்டை விட்டுட்டு சோலா தொப்பிக்கு மாறினான். சோலான்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம நெட்டி, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கழுத்துல கட்டுவோமே நெட்டி மாலை, அதே குளத்துச் செடி. வெயிட்டே இருக்காது, சூடும் உள்ள இறங்காது. இந்த ஊருக்கு இந்த ஊர்ச் செடிதான் லாயக்குன்னு அவனுக்கே புரிஞ்சிருக்கு.

சரி, ஓலைத் தொப்பி. கையில வாங்கினதும் முதல்ல உச்சியைப் பாருங்க. நடுவுல ஒரு ரூபா காசு அளவுக்கு ஓலைப் பின்னல் தன்னையே சுத்திக்கிட்டு ஆரம்பிக்குது, அங்கேருந்து ஒரே பட்டை, விரல் அகலம் கூட கிடையாது, சுத்திச் சுத்தி வந்து உச்சியாகி, பக்கமா இறங்கி, கடைசியில விளிம்பா விரியுது. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்து மேல கொஞ்சம் ஏறி உக்காந்து தையல் விழுந்திருக்கு. இதுல சூட்சுமம் எல்லாம் இழுப்புலதான். பக்கம் நேரா இறங்கணும்னா பட்டையை இழுத்துப் பிடிச்சு தைக்கணும், விளிம்பு தட்டையா விரியணும்னா லூசா விட்டு தைக்கணும், ஒரு சுத்து இழுப்பு குறைஞ்சா விளிம்பு அலை அலையா தூக்கிக்கும், கூடினா கிண்ணமா குவிஞ்சிடும். நான் வாங்கினதுல விளிம்பு மூணேகால் இஞ்ச், சுத்திலும் ஒரே சமம், டேபிள்ல கவுத்து வச்சா எந்தப் பக்கமும் தூக்கல. வெயிலுக்கு விளிம்பு 3 இஞ்சுக்குக் குறையக் கூடாதுன்னு தோல் டாக்டர்கள் சொல்லுவாங்க, அந்தக் கணக்குக்கும் சரியா வருது.

ஸ்டால்ல இருந்த அக்கா கிட்ட ஓலை பத்திக் கேட்டேன். "குருத்தோலைதான் தம்பி இதுக்கு, முத்தின ஓலையில பண்ணா மடக்கும்போதே ஒடிஞ்சிடும்"னாங்க. ஈர்க்கை உரிச்சு எடுத்துட்டு, வெயில்ல காய வச்சு, ஒரே அகலமா கீறி, பின்னறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சு பதமாக்கிக்கணுமாம். பேசிக்கிட்டே ஒரு துண்டு ஓலையை நகத்தால கீறிக் காமிச்சாங்க, ஸ்கேல் வச்சு வெட்டின அளவுக்கு நேரா வந்துச்சு. நான் அளக்கறதே பொழப்பா இருக்கறவன், அந்தக் கோட்டைப் பார்த்து அசந்துட்டேன்.

இதைப் பார்த்தா பனாமா தொப்பி ஞாபகம் வராம இருக்காது. பேர்தான் பனாமா, செய்யறது ஈக்வடார்ல. 1906ல அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போனப்போ அதைப் போட்டிருந்த போட்டோ உலகம் முழுக்கப் பரவி, பேர் இன்னும் கெட்டியா ஒட்டிக்கிச்சு. அங்கயும் டோக்கியாங்கற செடியோட இளங்குருத்தைத்தான் எடுக்கறாங்க, வேக வச்சு காய வச்சு நூலா கீறி உச்சியிலேருந்து தையலே இல்லாம ஒரே பின்னலா கொண்டு வராங்க. மோன்டெக்ரிஸ்டி ஊர்ல உசந்த தொப்பி ஒண்ணு முடிக்க மாசக்கணக்கு ஆகும். 2012ல யுனெஸ்கோ அந்தப் பின்னலை மனித குலத்தோட பாரம்பரியம்னு பட்டியல்ல சேத்துச்சு. மெல்லிசுல நம்ம ஓலை அதுக்குக் கிட்ட வராது, அதை ஒத்துக்கணும். ஆனா காத்தோட்டத்துல இது எந்தத் தொப்பிக்கும் குறைஞ்சது இல்ல. மத்தியானம் கடல் காத்து ஆரம்பிக்கும்போது பின்னல் வழியா உள்ள வர்ற குளுமை இருக்கே, வெட்டிவேர் தட்டி நனைச்சுக் கட்டின ஜன்னல் பக்கத்துல உக்காந்த மாதிரி இருந்துச்சு.

இப்ப குறை. எல்லாம் ஃப்ரீ சைஸ். தொப்பியில ஃப்ரீ சைஸ்னு ஒண்ணு கிடையாதுங்க. கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் காத்து அடிச்சதும் என் தொப்பி பறந்துடுச்சு, ஹெல்பர் பையன் ஓடிப் போய் பிடிச்சுட்டு வந்தான். அளவு மட்டும் பிரச்சனை இல்ல, வடிவமும்தான். அச்சு இல்லாம கையால சுத்தி தைக்கறதால உள்வாய் வட்டமா வருது. மனுஷ மண்டை வட்டம் இல்ல, முன்னாடி பின்னாடி நீளமான முட்டை வடிவம். அதனால நெத்தியில அழுத்தும், காதுக்கு மேல இடைவெளி விடும். பாதி நாள்ல நெத்தியில சிவப்பா கோடு விழுந்திருக்கும்.

தொப்பித் தொழில் பெருசா வளர்ந்த ஊர்கள்ல அவங்க மெனக்கெட்டது பூராவும் இந்த இடத்துலதான். லண்டன்ல லாக் அண்ட் கோன்னு ஒரு கடை, 1676லேருந்து இருக்கு. அங்க இன்னமும் கன்ஃபார்மடூர்னு ஒரு கருவி வச்சிருக்காங்க, பிரான்ஸ்ல 19ஆம் நூற்றாண்டுல வந்தது. தலையில மாட்டினா மண்டையோட மேடு பள்ளத்தையெல்லாம் சின்னதாக்கி ஒரு அட்டையில ஊசியால குத்திக் குடுக்கும், அந்த அட்டையை வச்சு தொப்பியோட உள்வாயைச் சரி பண்ணுவாங்க. தலைக்கு கான்டூர் மேப் போடற வேலைதானே இது, எனக்கு அதைப் படிச்சதுலேருந்து ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு ஆசை.

நமக்கு அதெல்லாம் வேண்டாம், டேப் போதும். காதுக்கு மேல, புருவத்துக்கு ஒரு விரல் மேல, பின்னாடி மண்டை புடைச்சிருக்கற இடம் வழியா சுத்தி அளங்க. எனக்கு 57 செ.மீ. அதை இஞ்சாக்கினா 22.4, பை மதிப்பு 3.14ஆல வகுத்தா 7.1 சொச்சம், அமெரிக்க சைஸ்ல 7 1/8ன்னு போடுவாங்க. ஆன்லைன்ல வாங்கறவங்களுக்கும் இந்தக் கணக்கு உதவும். நான் வாங்கின தொப்பி உள்ள அளந்தா 59.

வடபழனியில சினிமாவுக்கு காஸ்ட்யூம் தைக்கற ஒரு அண்ணன் கிட்ட மரத்துல செஞ்ச தலை அச்சு இருக்குன்னு கேள்விப்பட்டு எடுத்துட்டுப் போனேன். ராஜா கிரீடம், போலீஸ் தொப்பி, தலைப்பா எல்லாம் பண்ற கை. வாங்கிப் பார்த்துட்டு, "சார், ஓலை காஞ்சிருந்தா ஒடியும், ஈரமா இருந்தா சொன்ன பேச்சு கேக்கும்"னு சொல்லிட்டு, ஒரு குண்டான்ல தண்ணி கொதிக்க வச்சு ஆவியில தொப்பியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஓலை இளகினதும் அச்சுல மாட்டி, கீழ் வரைக்கும் தடவி இறக்கி, பருத்திக் கயிறால இறுக்கிக் கட்டி, ஃபேன் கீழ ராத்திரி பூரா விட்டுட்டார். மறுநாள் உள்ள பட்டை தைச்சார். சாதா சாட்டின் ரிப்பன் இதுக்கு ஆகாது, வளைவுல சுருக்கம் விழும். ஓரம் பல்லு பல்லா இருக்கற கெட்டி ரிப்பன் ஒண்ணு, பீட்டர்ஷாம்னு கேளுங்க, இஸ்திரிப் பெட்டி வச்சு இழுத்தா வளைஞ்சு குடுக்கும். கூலி, ரிப்பன் எல்லாம் சேர்த்து 250 ரூபாய். அதுக்கப்புறம் தொப்பி தலையில உக்காந்த விதமே வேற, குனிஞ்சு லெவல் பாத்தாலும் நழுவல, நெத்தியில கோடும் விழல.

அலங்காரம் எதுவும் இல்லாததும் எனக்குப் பிடிச்சிருக்கு. அதே சந்தையில இன்னொரு ஸ்டால்ல வெள்ளை பிளாஸ்டிக் சிறகு வச்ச ஃபேன்சி தொப்பி விலை அதிகமா வித்துச்சு. சிறகுக் கதை தெரிஞ்சா அது மேல ஆசை வராது. 19ஆம் நூற்றாண்டு கடைசியில லண்டன், பாரிஸ், நியூயார்க் சீமாட்டிகள் தொப்பிக்கு வெள்ளைக் கொக்கோட சிறகு, அதுவும் முட்டையிடற பருவத்துல மட்டும் முதுகுல வளர்ற மெல்லிசு சிறகுதான் வேணும்னாங்க. எடைக்கு எடை தங்கத்தை விட விலை. கூட்டுல குஞ்சு இருக்கும்போதே தாய்ப் பறவையைச் சுட்டாங்க, குஞ்சுங்க பட்டினியில செத்துச்சு. இதைப் பொறுக்காம 1889ல இங்கிலாந்துல பெண்கள்தான் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு ஆர்எஸ்பிபின்னு சொல்ற ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதுதான். 1902ல இந்தியாவுலேருந்து சிறகு ஏத்துமதிக்குத் தடை வந்துச்சு, 1921ல பிரிட்டன்ல இறக்குமதிக்கு. வேடந்தாங்கல்ல கொக்குக் கூட்டத்தைப் பார்த்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய காரியம்னு தெரியும். ஃபேஷன் டிசைனர் கொக்கோ ஷனேல் 1910ல பாரிஸ்ல கடை போட்டதே தொப்பி விக்கத்தான். அந்தப் பாரமான சிறகுக் குவியலை ஒதுக்கிட்டு, சாதா வைக்கோல் தொப்பியில ஒரு ரிப்பன் மட்டும் கட்டி வித்தாங்க. என் தொப்பியிலயும் வெளிப்பக்கம் ஒரு கருப்பு ரிப்பன் மட்டும்தான், போதும்னு தோணுது.

நம்ம ஊர்ல தொப்பின்னாலே எம்ஜிஆர்தான் ஞாபகம் வருவாரு, ஆனா அது விளிம்பில்லாத ரோமத் தொப்பி, வெயிலுக்கு நிழல் தராது. அதைப் பார்த்து வாங்கறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

பராமரிப்பு: உச்சியைப் பிடிச்சு கிள்ளித் தூக்காதீங்க, ஓலை அந்த இடத்துலயே விரிசல் விடும், விளிம்பைப் பிடிங்க. வீட்டுல மல்லாத்தி உச்சி கீழ இருக்கற மாதிரி வைங்க. பூட்டின கார்ல விடாதீங்க, காஞ்சு மொடமொடன்னு ஆயிடும், அப்படி ஆச்சுன்னா லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணா திரும்பிடும். ஐப்பசி மழையில பூஞ்சை பிடிக்க வாய்ப்பு இருக்கு, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் எடுத்துக் காய வைங்க. ஓலைச்சுவடிக்குப் பூச்சி வராம எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவாங்க இல்ல, நானும் பஞ்சுல ரெண்டு சொட்டு எடுத்து உள்பக்கம் தடவறேன், வாசனையும் நல்லா இருக்கு. கலர் போட்டது வேண்டாம், என் ஃப்ரெண்ட் வாங்கின மஜந்தா பட்டை வேர்வையில சாயம் விட்டு சட்டைக் காலர் போச்சு.

மொத்தம் 900 ரூபாய் ஆச்சு. எனக்கு இது அதிகமா தெரியல, ஆனா அந்த 250ம் பின்னினவங்க கைக்கே போயிருக்கணும்னு ஆதங்கம் இருக்கு. அவங்க கையில இல்லாத வித்தை ஒண்ணும் இல்ல, இல்லாதது மரத்துல ரெண்டு அச்சு மட்டும்தான். சந்தை கடைசி நாள் திரும்பப் போய் அந்த அக்கா கிட்ட சரி பண்ணின தொப்பியைக் காமிச்சேன். உள்ள கை விட்டுப் பார்த்து, பட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்து, "இவ்ளோதானா, இதை நாங்களே பண்ணிடுவோமே"ன்னாங்க. வடபழனி அண்ணன் நம்பரைக் குடுத்திருக்கேன், அச்சு கடைஞ்சு குடுக்க அவர் ஒத்துக்கிட்டார். அடுத்த சந்தைக்கு 57லயும் 59லயும் கொண்டு வரோம்னு சொல்லியிருக்காங்க, போறவங்க வீட்டுலயே தலையை அளந்துட்டுப் போங்க.