சிமுலேஷன் முடிவுகளை எங்கே வைப்பது: டிரைவா, கிட்ஹப்பா, ஸெனோடோவா?

கொழும்பில் வலையமைப்பு ஆய்வு செய்யும் மாணவர்கள், வலையமைப்பைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் என்எஸ்-3 மென்பொருளின் முடிவுகளைப் பகிர முதலில் நாடுவது கூகுள் டிரைவைத்தான். மேற்பார்வையாளருக்கு இன்றிரவே காட்ட அது போதும். 15 ஜிபி இலவசம். ஆனால் கட்டுரைக்குள் அந்த இணைப்பைப் போடாதீர்கள். பட்டம் முடிந்து பல்கலைக்கழகக் கணக்கை மூடினால் கோப்புகளும் போய்விடும். இடையில் ஒரு கோப்பை மாற்றி வைத்தாலும் வாசிப்பவருக்குத் தெரியாது.

கிட்ஹப் நிரலுக்கு உரிய இடம். என்ன, எப்போது மாறியது என்று வரிக்கு வரி காட்டும். சிக்கல் பெரிய கோப்பில்தான்: 100 எம்பியைத் தாண்டினால் ஏற்காது. கமிட் செய்தபின் (மாற்றத்தை வரலாற்றில் பதிந்தபின்) கோப்பை அழித்துவிட்டு மறுபடி முயல்பவர்கள் பலர். பழைய கமிட்டில் அது இருக்கும்வரை மறுப்பு தொடரும். வரலாற்றிலிருந்தே நீக்க வேண்டும். உரிமக் கோப்பையும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் மற்றவர்கள் உங்கள் நிரலைப் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்த உரிமையில்லை.

ஆய்வுத் தரவுக் களஞ்சியமான ஸெனோடோ 2013இல் தொடங்கியது, சேர்ன் ஆய்வுக்கூடம் நடத்துவது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள். டிஓஐ, அதாவது நிரந்தர அடையாள எண், கிடைக்கும். வெளியிட்ட கோப்பை மாற்ற வேண்டுமென்றால் புதிய பதிப்பு, அதற்குத் தனி டிஓஐ. கட்டுரையில் காட்ட வேண்டியது இதைத்தான். கிட்ஹப்போடு இணைத்தால் ஒவ்வொரு வெளியீட்டையும் தானே சேமிக்கும், ஆனால் களஞ்சியத்தின் நிரலை மட்டும்தான். வெளியீட்டோடு தனியாக இணைத்த முடிவுக் கோப்புகள் அதில் சேராது; அவற்றை நீங்களே பதிவேற்ற வேண்டும்.

ஆக நிரல் கிட்ஹப்பில், முடிவுகள் ஸெனோடோவில். எதைப் பதிவேற்றுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

பாக்கெட்டுகளை அப்படியே பதிந்து வைக்கும் பீகேப் கோப்புகள் முழுவதையும் ஏற்ற ஆசை வரும். கணக்கைப் பாருங்கள்: 10 எம்பிபிஎஸ் போக்குவரத்து, 100 விநாடி என்றால் ஒரு இடைமுகத்துக்கு 125 எம்பி, 30 ரன்னுக்கு (30 முறை ஓட்டினால்) 3.75 ஜிபி. வெள்ளவத்தை அறையிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டில் 10 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகம் கிடைத்தாலும் 50 நிமிடம் பிடிக்கும், நடுவில் அறுந்தால் மீண்டும் தொடக்கம். பாக்கெட்டின் முதல் 96 பைட்டை மட்டும் பதியச் செய்தால் 1500 பைட் பாக்கெட்டுகளில் அளவு ஏறத்தாழ பதினான்கில் ஒன்றாகிவிடும். என்எஸ்-3 பாக்கெட்டின் உள்ளடக்கம் பெரும்பாலும் வெறும் பூச்சியங்கள் என்பதால் ஜிசிப் என்ற சுருக்கும் கருவியும் அளவை நன்றாகக் குறைக்கும். மாதிரிக்கு ஒரு ரன்னின் பீகேப் போதும்.

மற்றவர்களுக்குப் பயன்படுவது ஒரு சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு): ரன்னுக்கு ஒரு வரிசை, தலைப்பிலேயே அலகு. சராசரியை மட்டும் தந்தால் நம்பக இடைவெளியை யாரும் சரிபார்க்க முடியாது. என்எஸ்-3இன் அளவீட்டுக் கருவியான ஃப்ளோமானிட்டரின் எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து எடுக்கும்போது, தாமதக் கூட்டுத்தொகை நானோவிநாடியில் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். அதை அனுப்பிய பாக்கெட்டுகளால் வகுத்தால் இழப்பு அதிகமுள்ள வலையமைப்பு வேகமானதாகத் தோன்றும். பெற்ற பாக்கெட்டுகளால்தான் வகுக்க வேண்டும்.

30 ரன்னும் அச்சொட்டாக ஒரே எண்ணைத் தந்தால் ரன் இலக்கம் மாறவில்லை என்று பொருள். தற்செயல் எண்களைத் தீர்மானிப்பவை சீட்டும் ரன் இலக்கமும்; என்எஸ்-3 இயல்பாகவே சீட் 1, ரன் 1இல் ஓடும். சீட்டை அப்படியே வைத்து ரன் இலக்கத்தை மாற்றுவதே முறை. இரண்டையும் சிஎஸ்வியில் எழுதுங்கள்.

விளக்கக் கோப்பான ரீட்மீயில் என்எஸ்-3 பதிப்பு இலக்கம் கட்டாயம் வேண்டும். 3.36இல் நிரலைக் கட்டமைக்கும் கருவியான வாஃப் போய் சிமேக் வந்தது. அதற்கு முந்திய கட்டளைகள் புதிய பதிப்பில் ஓடாது. மென்பொருளைச் சூழலோடு சேர்த்துப் பொதியும் டாக்கர் படிமம் இந்தத் தலைவலியைத் தீர்க்கும், ஆனால் அதையும் ஸெனோடோவிலேயே ஒரு பிரதி வையுங்கள்.

வெளியிடுமுன் வேறொரு மடிக்கணினியில் எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, 7ஆம் ரன்னை மட்டும் ஓட்டுங்கள். சிஎஸ்வியின் 7ஆம் ரன் வரிசையோடு பொருந்தாவிட்டால் முதலில் என்எஸ்-3 பதிப்பைப் பாருங்கள், அடுத்தது கம்பைலர்.