ஆஸ்திரேலியா மாட்டுப்பண்ணையில போர்வெல் பாக்கற வேலைக்குப் போறவங்க ஒரு நிமிசம் நின்னு இதப் படிச்சுட்டுப் போங்க

எழுதணும் எழுதணும்னு ரெண்டு மாசமா தள்ளிப் போட்டு இன்னிக்குத்தான் உக்காந்திருக்கேன். 462 விசால, அதான் ஊரு சுத்திக்கிட்டே வேலையும் பாக்கற வொர்க் அண்ட் ஹாலிடே விசால, வந்திருக்கற நம்ம பசங்க பண்ணை வேலை தேடிட்டு இருப்பீங்க, இந்தியாவுக்கு 2024 அக்டோபர்லதான் இந்தக் கதவையே தொறந்தாங்க, வருசத்துக்கு 1,000 பேரு, 25 டாலர் கட்டிக் குலுக்கல்ல பேரு விழுந்து வந்தவங்க நாம, ரெண்டாவது வருசம் இருக்கணும்னா 3 மாசம் இந்த மாதிரி வேலை செஞ்சதக் காட்டணும்ங்கறதுனால எல்லாருக்கும் ஒரு பதட்டம். அந்தப் பதட்டத்துல சோறு திங்கறவங்க இங்க இருக்காங்க. நான் போயி வசமா மாட்டுனேன். பண்ணை பேரு போட மாட்டேன், புகார் நடந்துட்டு இருக்கு, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க.

எனக்கு ஊரு திருச்செங்கோடு. தெருவுக்கு ஒரு போர்வண்டி நிக்கற ஊருன்னு உங்களுக்கே தெரியும். மாமா வண்டி கூடவே சத்தீஸ்கர், ராஜஸ்தான்னு லீவுக்கெல்லாம் போயி வளந்தவன், சப்மெர்சிபிள் மோட்டார கயித்துல எறக்கறதுல இருந்து காயில் கட்டறது வரைக்கும் கை பழகுனது. அதனால "போர் ரன்னர் வேணும், வாரம் 1,200 டாலர், சாப்பாடு தங்கறது ஃப்ரீ, விசா நாள் கணக்காகும்"னு விளம்பரம் பாத்ததும் இது நமக்குன்னே வந்த வேலைடான்னு நெனச்சுட்டேன். ஃபோன்ல பேசுனது ஆறு நிமிசம். ஒப்பந்தம் ஏதாவது அனுப்புவீங்களான்னு கேட்டதுக்கு, இங்க எல்லாம் வாய்ப்பேச்சுதான் தம்பி, நம்பிக்கைதான் முக்கியம்னாரு அந்தாளு. நம்ம ஊர்ல பண்ணாடிங்க பேசற அதே பேச்சு, எனக்கு அது பழக்கமான சத்தமா இருந்துச்சு, அங்கதான் ஏமாந்தேன்.

டெனன்ட் க்ரீக்ல பஸ்ஸ விட்டு எறங்குனேன், பண்ணையாள் ஒருத்தரு வந்து யூட்டுல, அதான் பிக்கப் வண்டில, ஏத்திக்கிட்டாரு. நார்தர்ன் டெரிட்டரில பார்க்லி பக்கம். தார் ரோட்ட விட்ட கொஞ்ச நேரத்துல ஃபோன்ல டவர் போச்சு, அதுக்கப்புறம் நாலு மணி நேரம் மண் ரோடு. இத எதுக்கு சொல்றேன்னா, அந்த டவர் போற எடம் வரைக்கும்தான் உங்களுக்குப் பேரம் பேசற தெம்பு. அதுக்கப்புறம் அவங்க சொல்றதுதான் கணக்கு.

மறுநாள் காலைல, போயி ஏபிஎன் நம்பர் (சொந்தமா தொழில் பண்றவங்க எடுக்கற நம்பர்) ஒண்ணு எடுத்துக்கோ, நீ வேலைக்காரன் இல்ல, காண்ட்ராக்டர்னாங்க. சம்பளம் வாரக்கணக்கு இல்லயாம், நாள் கூலி 150 டாலராம், ஆறு நாளைக்குத்தானாம், ஏழாவது நாள் "சும்மா ஒரு சுத்து பாத்துட்டு வந்தா போதும்"னாங்க, அந்தச் சும்மா சுத்துக்கு எட்டு மணி நேரம் ஆகும். ரெண்டாவது வாரம் கணக்குல பாத்தா சாப்பாட்டுக்கும் தங்கறதுக்கும் 250 டாலர் கழிச்சிருக்காங்க. ஃப்ரீன்னு போட்டிருந்தீங்களேன்னு கேட்டேன், அது பழைய விளம்பரம்னு பதில். ஆக வாரத்துக்குக் கையில 650. பே ஸ்லிப்பு ஒண்ணு கூடக் குடுக்கல.

அப்ப ஏன்டா அன்னிக்கே கெளம்பலைன்னு கேப்பீங்க. அதுக்கு இந்த வேலை என்னன்னு தெரியணும்.

அங்க மழை பேஞ்சா நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், அதுவும் நிச்சயமில்ல, மத்த மாசமெல்லாம் மாட்டுக்குத் தண்ணின்னா போர்த் தண்ணிதான். நான் பாத்த போர் எல்லாம் 100 மீட்டர் சுத்தித்தான், நம்ம ஊர்ல 1,000 அடி போட்டும் புகை வர்றத நெனச்சா பொறாமையாதான் இருந்துச்சு. என் பங்குக்கு பதினாலு போர், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பதினஞ்சு இருவது கிலோமீட்டர், ஒரு நாளைக்குப் பாதி, மறுநாள் மீதி. சிலது சோலார், சிலது ஒத்த சிலிண்டர் டீசல் எஞ்சின்ல பெல்ட் போட்டு ஓட்டறது. டீசல அளந்துதான் ஊத்தணும், தொட்டி நெறையற நேரத்துக்கு மட்டும் ஊத்தி விட்டா அதுவா ஓடி அதுவா நின்னுக்கும், இந்த வித்தை எனக்கு ரொம்பப் புடிச்சுது. மேல ஏறுற தண்ணி மண் மேடு கட்டுன பெரிய குட்டைக்குப் போவும், அதுக்கு டர்க்கி நெஸ்ட்டுன்னு பேரு, வான்கோழிக் கூடு, அங்க இருந்து பாலி பைப்புல தானா எறங்கி மாட்டுத்தொட்டிக்கு வரும். தொட்டில ஃப்ளோட் வால்வு. எஞ்சின் ஆயில், பெல்ட்டு, பைப்புல ஒழுகல், ஃப்ளோட்டு, தொட்டில பாசி, செத்துக் கெடக்கற பறவை, இவ்வளவுதான் வேலை. கேக்க லேசா இருக்கும்.

மாடு எல்லாம் பிராமன். மொத நாள் திமிலும் தொங்குற காதுமா நிக்கறதப் பாத்து நம்ம ஊரு சந்தைக்கு வந்துட்ட மாதிரி இருந்துச்சு, நம்ம ஓங்கோல், கிர் வம்சத்த அமெரிக்காவுல கலந்து உண்டாக்குன ஜாதிதான அது. வெயில் காலத்துல ஒரு மாடு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல குடிக்கும், ஒரு போருக்கு 400 மாடுன்னா 20,000 லிட்டர். நின்னு போனா ரெண்டு மூணு நாள், அவ்வளவுதான்.

அக்டோபர்ல ஒரு நாள் ஏழாம் நம்பர் போருக்குப் போறேன், தூரத்துலயே கத்துற சத்தம். பெல்ட்டு அந்து எஞ்சின் சும்மா ஓடி டீசல் தீந்து நின்னு கெடக்கு. குட்டைல தண்ணி போயி சேறு மட்டும், அந்தச் சேத்துல ஒரு கன்னுக்குட்டி வயித்து வரைக்கும் முங்கி நிக்குது, தாய் மேட்டுல நின்னு கத்துது. தொட்டில மாடு முட்டி மோதி ஃப்ளோட்டுக் கம்பி எல்லாம் வளைஞ்சு போச்சு. கன்னுக்குக் கயிறு போட்டு யூட்டுல கட்டி மெல்ல இழுத்தேன், வெளிய வந்ததும் எந்திரிக்கல, நான் குடிக்க வெச்சிருந்த தண்ணிய வாயில ஊத்துனேன். பெல்ட்டு மாட்டி, எஞ்சின்ல காத்து எடுத்து, அது மொதத் தடவ டக் டக்குனு புடிச்சப்போ மணி ஏழு. தண்ணி தொட்டிக்கு வந்து மாடு அமைதியாவற வரைக்கும் அங்கயே இருந்துட்டு வீட்டுக்கு வர்றப்ப ராத்திரி பதினொண்ணு. கன்னு பொழைச்சுக்கிச்சு. மறுநாள் ரேடியோல மொதலாளி கேட்ட மொதக் கேள்வி, ரெண்டு பெல்ட்டு கொறையுதே, அத யாரு கணக்குல எழுதறது?

கெளம்பாததுக்கு இதுதான் காரணம். நான் ஒரு நாள் போகலைன்னா எந்தப் போர்ல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். சம்பளம் கேக்கறப்பல்லாம் "இப்ப நீ போயிட்டா மாடு என்ன ஆகும்"னுதான் பதில் வரும். கூடவே, பாதில போனா விசாவுக்கு நாள் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டோம்னு ஒரு மெரட்டல். சேட்டிலைட் ஃபோன் குடுக்கல, யூஹெச்எஃப் ரேடியோ கொஞ்ச தூரம்தான் எட்டும். ஒரு நாள் ரெண்டு டயரும் அடுத்தடுத்துப் போயி யூட்டுக்கு அடியில நெழல்ல ஒம்பது மணி நேரம் படுத்துக் கெடந்தேன், வண்டிய விட்டு நடந்து போகக் கூடாதுங்கறது அங்க சின்னக் கொழந்தைக்கும் தெரிஞ்ச விசயம், நல்ல வேளை 20 லிட்டர் தண்ணி இருந்துச்சு. அந்த நாளுக்குக் கூலி இல்ல. ஏன்னா போர் எதையும் பாக்கலயாம்!

பத்தாவது வாரம், முந்தின ரெண்டு வாரக் காசும் வரல, கேட்டா யூட்டோட முன் கண்ணாடி வெடிச்சிருக்கு, மாத்த 1,150 டாலர், அத உன் கணக்குல கழிச்சுட்டோம்ங்கறாங்க. அந்த வெடிப்பு நான் வர்றப்பவே இருந்துச்சு, இடது பக்கம் கீழ, எட்டுக்கால் பூச்சி மாதிரி. அன்னிக்கு ராத்திரி டீசல் எறக்க வந்த டேங்கர் டிரைவர்கிட்ட விசயத்த சொன்னேன், விடியக்காலைல நாலு மணிக்கு வா, பேக்கு ஒண்ணுதான்னாரு. ஹைவேல இருக்கற பெட்ரோல் பங்க் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு காப்பியும் வாங்கிக் குடுத்தாரு. போறதுக்கு முன்னாடி எந்தெந்தப் போர்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பேப்பர்ல எழுதிச் சமையல் ரூம்ல ஒட்டிட்டுத்தான் வந்தேன், மாடு என்ன பாவம் பண்ணுச்சு.

பத்து வாரம், கொறஞ்சது 750 மணி நேரம், கைக்கு வந்தது 5,200 டாலர். மணிக்கு 7 டாலர் கூட இல்ல. 2025 ஜூலைல இங்க வெச்ச கொறஞ்சபட்சக் கூலி மணிக்கு 24.95.

வெளிய வந்தப்புறம் தெரிஞ்சுக்கிட்டத சொல்லிடறேன். மாட்டுப்பண்ணை வேலைக்கு பாஸ்டரல் அவார்டுன்னு தனிச் சட்டக்கூலியே இருக்கு, சாப்பாடு தங்கறதுக்குக் கழிக்கறதுக்கும் அதுல கணக்கு இருக்கு, வாய்க்கு வந்தத கழிக்க முடியாது. யூட்டு அவங்களுது, எந்த நேரத்துக்கு எந்தப் போர்னு சொல்றது அவங்க, அப்பறம் நீங்க எப்படி காண்ட்ராக்டர்? ஏபிஎன் எடுக்கச் சொன்னா அங்கயே நில்லுங்க, சூப்பரும் (மொதலாளி கட்டற ஓய்வுக்காலச் சேமிப்பு) இல்ல, அடிபட்டா கேக்க நாதியும் இல்ல. பே ஸ்லிப்பு சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள்ள குடுத்தாகணும். 2025 ஜனவரி 1-ல இருந்து வேணும்னே கூலியக் கொறைக்கறது கிரிமினல் குத்தம், விசாவ வெச்சு மெரட்டறதும் 2024 ஜூலைல இருந்து குத்தம். கூலிப் புகாரப் பாக்கற அரசாங்க ஆபீஸ் ஃபேர் வொர்க், நம்பர் 13 13 94, இங்கிலீஷ் தடுமாறுனா மொதல்ல 131 450 அடிச்சுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க, காசு கெடையாது. ஆறு வருசம் வரைக்கும் பழைய பாக்கியக் கேக்கலாம்.

எனக்குக் கை குடுத்தது ஒரு நோட்டு. மாமா வண்டில அடி கணக்கு எழுதற பழக்கத்துல, தெனமும் போர் நம்பர், போன நேரம், எஞ்சின் மீட்டர், கிலோமீட்டர், தண்ணி மட்டம்னு தமிழ்லயே கிறுக்கி வெச்சிருந்தேன். ஃபேர் வொர்க்ல பேசுன அம்மா அத ஃபோட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னாங்க, தமிழ்ல இருக்கேன்னேன், பரவால்ல நம்பர் நம்பர்தானேன்னாங்க. பாக்கலாம், இன்னும் முடியல.

போன வாரம் அந்த விளம்பரம் திரும்ப வந்திருக்கு. வேற பேர்ல, வாரம் 1,300-ன்னு. யூட்டு முன்னாடி ஒருத்தரு தொப்பி போட்டு நிக்கற புது ஃபோட்டோ. பெருசு பண்ணிப் பாத்தேன், முன் கண்ணாடில இடது பக்கம் கீழ அந்த எட்டுக்கால் பூச்சி அப்படியே இருக்கு.