மூன்று வருடமாக ஸ்பேசர்: குன்னூர் ஈரத்தில் ஒரு அனுபவம்

"உங்கம்மாவுக்கு வாங்கின அந்த ஸ்பேசர் குடுவை பிரயோஜனமா இருக்கா? எங்க மாமியாருக்கும் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று போன வாரம் தோழி கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை.

அம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவள், அதுவும் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனையில் ஊதவைத்துப் பார்த்துவிட்டு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்றதும், "புகைக்கிறவங்களுக்குத்தானே அது வரும்?" என்று நாங்கள் டாக்டரிடமே வாதாடினோம்.

முதலில் கொடுத்தது பொடியை உறிஞ்சும் இன்ஹேலர். வேகமாக இழுக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. அப்புறம்தான் அழுத்தினால் மருந்தைப் பீய்ச்சும் பம்பும், அதன் வாயில் மாட்டி மருந்தைத் தேக்கி வைக்கும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசரும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற பதற்றம் போனது. அழுத்தியதும் நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஸ்டீராய்டு கலந்த மருந்து, அதனால் முடிந்ததும் வாய் கொப்பளிப்பாள். குளிர்ந்த பம்பில் மருந்து சரியாக வராது; காலையில் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிவிட்டுக் குலுக்குவோம்.

என் கோபமெல்லாம் ஸ்பேசரைக் காயவைப்பதில்தான். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சரி, ஐப்பசி கார்த்திகையில் குன்னூரில் என்ன காய்கிறது? ஞாயிறு காலையில் அலசியது, திங்கள் ராத்திரியும் உள்ளே பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். ஈரமான ஊருக்காக அந்தக் கம்பெனி காகிதத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஒருநாள் அம்மா பொறுமை போய், பின்கட்டு வெந்நீர் அடுப்புக்கு மேலே கொடியில் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். எந்தப் புகை அவள் நுரையீரலைத் தின்றதோ அதே புகையில்! கத்திவிட்டேன். "ஈரத்தோட எப்படிம்மா இழுக்கறது?" என்று மெதுவாகக் கேட்டாள். அது இன்னும் உறுத்துகிறது. சமையல் கேஸுக்கு மாறி வருடங்களாகியும் அந்த வெந்நீர் அடுப்பு எங்கள் கண்ணில் படவே இல்லை. தினமும் விடியற்காலையில் அதன் முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தவள் அவள்தான். இழந்த மூச்சை எந்தப் பம்பும் திருப்பித் தராது. புகையை நிறுத்தினால் மேலும் கெடுவதாவது மட்டுப்படும். அந்த வாரமே அடுப்பை இடித்துவிட்டு கீசர் மாட்டினோம்.

இப்போது இரண்டு ஸ்பேசர், மாற்றி மாற்றி. காயவைக்கும் பாட்டுக்கு ஐந்தில் இரண்டு மார்க்குக்கு மேல் தர மனம் வரவில்லை. ஆனால் தோழியிடம் நாளைக்கே வாங்கச் சொன்னேன், இரண்டாக. அவள் மாமியார் வெந்நீர் எதில் போடுகிறார் என்றும் கேட்டேன்.